ராஜாராம் போன வழி: மலைநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள்: சக்ரேபைலு, மண்டகத்தே

செஞ்சியில் பிறந்தவர்களுக்குக் கோட்டை என்றால் பாறைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் வெயிலில் கொதித்துக் கிடக்கும். சித்திரை மாதத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. கோட்டைக் கதை கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் தேசிங்கு ராஜா கதையைத்தான் எடுப்பார்கள். அப்பா மட்டும் வேறொரு பெயரைச் சொல்வார். ராஜாராம், சிவாஜியின் இளைய மகன்.

அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். 1689-இல் அவுரங்கசீப் சம்பாஜியைக் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்தில் தங்க முடியாமல் தெற்கே தப்பி வந்தார். செஞ்சிக் கோட்டையில் இருந்துகொண்டு மராட்டிய அரசை நடத்தினார். முகலாயப் படை வந்து சூழ்ந்து, கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது. இதையெல்லாம் எங்களுக்குச் சோறு போடும்போது கூடச் சொல்வார். சொல்லிவிட்டு, "அவரு இவ்ளோ தூரம் எப்படி வந்து சேர்ந்தாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல" என்பார்.

வழியில் ஒரு ராணி அவருக்கு அடைக்கலம் கொடுத்து, தன் காட்டு வழியாக அனுப்பி வைத்தாள். கர்நாடகத்து மலைநாட்டை ஆண்ட கேளடி சென்னம்மா. வெள்ளையரை எதிர்த்த கித்தூர் சென்னம்மாவோடு பலர் இவளைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் போர் நடந்தது 1824-இல். நம்முடைய சென்னம்மா அதற்கு நூற்றைம்பது வருஷம் முந்தியவள். அவள் ஆண்ட ஊரைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. அன்றைக்குச் செய்தியைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது போய்ட்டு வந்துடலாம்மா, முட்டி இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்" என்றார். அதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ராஜாராம் பன்ஹாளாக் கோட்டையை விட்டுக் கிளம்பியது செப்டம்பர் கடைசியில். வேலூரை அடைந்தது அக்டோபர் முடிவில். லிங்காயத்து யாத்திரிகர்கள்போல வேடம் போட்டுக்கொண்டு வந்தார்களாம். அதே புரட்டாசி, ஐப்பசியில் நாங்களும் வந்திருக்கிறோம். பெங்களூரில் இரவு ரயிலேறி, விடிகாலையில் சிவமொக்காவில் இறங்கினோம். மழை நின்றும் நிற்காமலும் இருந்தது.

கார் ஓட்டி வந்த தம்பி பத்ராவதிக்காரர். இரும்பாலை வேலைக்குத் தாத்தா காலத்தில் தருமபுரிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பத்ராவதியில் அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கன்னட ஓசை கலந்த அவருடைய தமிழ் கேட்க அழகாக இருக்கிறது. அப்பாவை "ஐயா" என்றும் என்னை "அக்கா" என்றும் கூப்பிடுகிறார்.

நேரே சக்ரேபைலு யானை முகாமுக்குப் போனோம். சிவமொக்காவிலிருந்து 14 கிலோமீட்டர். ஷெட்டிஹள்ளி சரணாலயத்தின் ஓரத்தில், துங்கை ஆறு காஜனூர் அணைக்காகத் தேங்கி நிற்கிற இடம். காலை எட்டரை மணிக்குள் போய்விட வேண்டும். ராத்திரி காட்டுக்குள் மேயவிட்ட யானைகளை, இழுபட்ட சங்கிலித் தடத்தைப் பார்த்துத் தேடிப் பிடித்துக் காலையில் ஓட்டி வருகிறார்கள். ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கி ஒருக்களித்துப் படுக்கிறது. பாகன் மேலே ஏறி நின்று தேய்க்கிறார். ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் புகுந்து மூச்சுவிட மட்டும் தும்பிக்கையை நீட்டியது. அப்பா அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குளித்து முடித்ததும் சாப்பாடு. நெல், வெல்லம், தேங்காய் எல்லாவற்றையும் வைக்கோலில் வைத்துப் பொட்டலமாகச் சுருட்டி வாய்க்குள் திணிக்கிறார்கள். இங்கும் பாகனுக்கு உதவியாக இருப்பவரைக் 'காவடி' என்றுதான் சொல்கிறார்கள். முதுமலையில் கேட்ட அதே சொல். மாநில எல்லை மனிதர்களுக்குத்தான், யானையோடு வாழ்கிறவர்களின் பேச்சுக்குக் கிடையாது போலிருக்கிறது. ஊருக்குள் வந்து தொந்தரவு செய்த காட்டு யானைகளைப் பிடித்துப் பழக்குவதும் இங்கே நடக்கிறது. அப்படிப் பிடிபட்டது என்று ஒரு கொம்பனைக் காட்டினார்கள். காலில் சங்கிலித் தழும்பு இருந்தது. நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

தீர்த்தஹள்ளி போகும் சாலையில் மண்டகத்தே வருகிறது. ஆற்று நடுவே ஒரு சின்னத் திட்டு, அதில் கொஞ்சம் மரங்கள், மரமெல்லாம் கூடு. கொக்கு, நீர்க்காகம், பாம்புத்தாரா. பாதிக் கூடு காலியாகிவிட்டது. இங்கே தென்மேற்கு மழையோடு பறவைகள் வந்து, ஐப்பசியில் கிளம்பிவிடுகின்றன. நம் வேடந்தாங்கலில் வடகிழக்கு மழை பிடித்த பிறகுதான் கூட்டமே சேரும். இங்கே கடை கட்டுகிற நேரத்தில் அங்கே கடை திறக்கிறது. மழை எந்தப் பக்கம் பெய்கிறதோ அந்தப் பக்கம் குடும்பம் நடத்துகிற ஜீவன்கள். பறந்து பழகிய குஞ்சு ஒன்று கிளைக்குத் திரும்ப முடியாமல் மூன்று தடவை முயன்று, நான்காவது தடவை உட்கார்ந்தது. அப்பா கைதட்டினார்.

இரவு தீர்த்தஹள்ளியில் தங்கல்.

இரண்டாம் நாள்: கவலேதுர்க்கா

இன்றைக்கு நாள் முழுக்க ஒரே கோட்டைக்குக் கொடுத்தோம். கொடுத்தது சரிதான்.

தீர்த்தஹள்ளியிலிருந்து 18 கிலோமீட்டர். சாலை குறுகிக்கொண்டே போய், ஒரு சிற்றூரில் முடிகிறது. கோட்டை எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர் ஒரு வயல் வரப்பைக் காட்டுகிறார். முழங்கால் உயரம் வளர்ந்த நெல்லுக்கு நடுவே நடந்து, பாக்குத் தோப்பைத் தாண்டி, மரங்களுக்குள் நுழைந்த பிறகும் கோட்டை தெரியவில்லை. சட்டென்று ஒரு திருப்பத்தில் பத்தாள் உயரச் சுவர், பாசி படிந்து கறுப்பாக நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் கல் இடுக்கில் வேர்விட்ட மரங்கள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

செஞ்சிக் கோட்டை திண்டிவனம் சாலையில் வரும்போதே தெரிந்துவிடும். 'நான் இங்கே இருக்கிறேன், முடிந்தால் ஏறிப் பார்' என்று சொல்கிற கோட்டை அது. இது அப்படியில்லை. காலடியில் வந்து நிற்கும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. பீரங்கியை இழுத்துக்கொண்டு வருகிற படை இந்தச் சேற்றையும் காட்டையும் கடந்து வருவதற்குள் பாதி சோர்ந்துவிடும். மீதியை ஆனி, ஆடி மழை பார்த்துக்கொள்ளும்.

பழைய பெயர் புவனகிரி. கடலூர் மாவட்டத்துப் புவனகிரிக்காரர்கள் சந்தோஷப்படலாம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுற்று மதில், ஒவ்வொன்றுக்கும் வாசல், வாசலுக்குள் இரண்டு பக்கமும் காவலர் உட்காரத் திண்ணை. வாசல்கள் நேருக்கு நேர் இல்லை. உள்ளே நுழைந்ததும் வழி வளைகிறது, வளைந்த இடத்தில் மேலேயிருந்து அடி விழும். விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்து, பிறகு தனியாக நின்ற கேளடி நாயக்கர்கள் பலப்படுத்திய கோட்டை இது. தலைநகருக்கு ஆபத்து வந்தால் ஒதுங்க ஓர் இடம்.

படி என்று பெயர்தானே தவிர, உருண்டு வழுக்கும் கற்கள்தான். அப்பா இரண்டாவது வாசல்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே திண்ணையில் உட்கார்ந்து, "நீ போய்ட்டு வா பாப்பா. எனக்கு இது போதும்" என்றார். எனக்கு மனசில்லை. ஓட்டுநர் தம்பி, "நான் ஐயாகூட இருக்கறேன் அக்கா, நீங்க போங்க" என்றார். சரி என்று மேலே போனேன்.

மேலே காசி விசுவநாதர் கோயில். முன்னால் இரண்டு உயரமான கல் தூண்கள். ஆள் இல்லை, விளக்கு இல்லை, மழைத் தண்ணீர் தளத்தில் தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் அரண்மனையின் அடித்தளம். சுவர் போய்விட்டது, கூரை எப்போதோ போயிருக்கும். ஆனால் தரை அப்படியே இருக்கிறது. அடுப்பு இருந்த இடம், தண்ணீர் வந்த கல் வாய்க்கால், குளிக்கிற இடம் என்று அறை அறையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு சமையலறையில் நின்று, யாரோ ஒரு பெண் இதே இடத்தில் புகைக்குக் கண்ணைக் கசக்கியிருப்பாள் என்று நினைத்தேன். கோட்டைகளில் என்னைத் தொடுவது கொத்தளம் இல்லை, இந்த அடுப்புகள்தான்.

உச்சியில் ஒரு சின்னச் சிவன் கோயில். அங்கே போய்ச் சேரும்போது மேகம் வந்து மூடிக்கொண்டது. கை நீட்டினால் விரல் தெரிகிறது, அதற்கப்பால் வெள்ளை. கால் மணி நேரம் நின்றேன். பிறகு காற்று அடித்து ஒரு பக்கம் திறந்தது. கீழே அடுக்கடுக்காகக் காடு, அதற்கு நடுவே அணைத் தண்ணீர் ஈயத் தகடுபோல. மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவுதான் கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

இறங்கி வந்தால், அப்பா கால்சட்டையை மடித்துவிட்டு அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. உப்பும் புகையிலையும் முடிந்த துணியைக் காலில் தேய்த்துக்கொண்டு வந்தால் ஏறாது என்று ஊரில் ஒரு பாட்டி சொன்னது உண்மைதான், தேய்த்த என் காலில் இரண்டே இரண்டு. அப்பா தேய்த்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தில் வலி இல்லை. "முகலாயப் படைக்காரனுக்கும் இதே கடிதான் கிடைச்சிருக்கும்" என்றார்.

மூன்றாம் நாள்: ஆகும்பே, சிருங்கேரி

மழை. ஆகும்பேயைப் பற்றி எழுத வேறென்ன இருக்கிறது. வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். செஞ்சியில் ஆறேழு வருஷம் பெய்கிற மழையை இவர்கள் ஒரே வருஷத்தில் பார்த்துவிடுகிறார்கள். வீட்டுக் கூரைகள் காதுவரை இழுத்துவிட்ட குல்லாய்போலத் தாழ்ந்து இறங்குகின்றன. சூரியன் மறைவதைப் பார்க்கும் இடம் என்று ஒன்று பிரபலம். அங்கே போய் நின்று எங்கள் குடையைத்தான் பார்த்தோம். அங்கிருந்து சோமேஸ்வரத்துக்கு மலைப்பாதை 14 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்குகிறது. இறங்கவில்லை. சிங்கவால் குரங்கு தென்படும் என்று ஓரமாக நின்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மேலே கிளை அசைந்தது, கனி ஒன்று விழுந்தது, ஆளைக் காணோம்.

ஆகும்பே ராஜநாகத்தின் ஊர். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர், சென்னைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணையை உருவாக்கியவர், 2005-இல் இங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். ராஜநாகத்தின் உடலில் சிறு ஒலிபரப்பியை வைத்து, அது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று காட்டுக்குள் பின்தொடர்ந்து பார்த்தது இங்கேதான். உலகத்தின் மிக நீளமான நச்சுப் பாம்பு. சருகைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும் ஒரே பாம்பும் அதுதான். அது பெரும்பாலும் தின்பது மற்ற பாம்புகளை. கன்னடத்தில் காளிங்க சர்ப்பம்.

தேநீர்க் கடையில் ஒருவரிடம், வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று தம்பி மூலமாகக் கேட்டேன். கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொள்வோம், போகாவிட்டால் பிடிக்கிறவரைக் கூப்பிடுவோம் என்றார். கொல்ல மாட்டீர்களா? கையெடுத்துக் கும்பிடுவதுபோல் காட்டினார். எங்கள் தெருவில் சாரைப்பாம்பு வந்தால்கூடக் கம்பை எடுத்துக்கொண்டு பத்துப் பேர் ஓடுவார்கள். இந்த ஊரில் பன்னிரண்டு, பதின்மூன்று அடி நாகத்தோடு குடித்தனம் நடக்கிறது. பயம் இல்லாமல் இல்லை. பயமும் மரியாதையும் ஒன்றாகவே இருக்கிறது.

மதியம் சிருங்கேரி. வித்யாசங்கரர் கோயிலின் உள்ளே பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு தூண். அந்தந்த மாதத்துச் சூரிய ஒளி அந்தந்தத் தூணில் விழும்படி கட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். இன்றைக்குச் சூரியனே இல்லை. வெளியே அந்தக் கற்களைத் தொட்டுத் தொட்டுச் சுற்றி வந்ததில்தான் எனக்கு நிறைவு. துங்கைப் படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் பொரிக்கு வாய் திறக்கின்றன. யாரும் பிடிக்க மாட்டார்கள், கோயில் மீன். பிரசவ வேதனையில் இருந்த தவளைக்கு நாகம் படம் விரித்து நிழல் கொடுத்ததைப் பார்த்துத்தான் சங்கரர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது தலபுராணம். காலையில் ஆகும்பேயில் அந்த மனிதர் கைகூப்பியதைப் பார்த்த பிறகு, அந்தக் கதை எனக்கு வேறு மாதிரி கேட்டது.

நான்காம் நாள்: நகரா

கேளடி நாயக்கர்களின் தலைநகரம் இரண்டு முறை இடம் மாறியது. கேளடியில் தொடங்கி, பக்கத்திலேயே இக்கேரிக்குப் போய், பீஜப்பூர்ப் படை இக்கேரியைச் சூறையாடிய பிறகு, வீரபத்ர நாயக்கர் காலத்தில் இன்னும் உள்ளே, மலைக்குள்ளே, பிதனூருக்கு வந்தது. பிதிரு என்றால் மூங்கில். மூங்கில் ஊர். இன்றைக்கு அதன் பெயர் நகரா.

சாலையோரத்திலேயே கோட்டை. பக்கத்தில் ஏரி. உள்ளே தர்பார் மண்டபம் இருந்த மேடை, அக்கா தங்கைக் குளம் என்று சொல்லப்படும் இரட்டைக் குளம். கவலேதுர்க்காவைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் அப்பா இங்கேதான் அதிக நேரம் இருந்தார். மேடேறும் வழி சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சிவப்ப நாயக்கர்.

1645 முதல் 1660 வரை ஆண்டவர். அவருடைய பெயர் இந்த மாவட்டத்தில் போருக்காக அல்ல, வரிக்காகப் பேசப்படுகிறது. நிலவரியை எப்படிப் போடுவது என்று முடிவு செய்ய, ஊருக்கு ஊர் ஒவ்வொரு வகை நிலத்திலும் ஒரு வயலை எடுத்து, தன் செலவிலேயே 12 வருஷம் பயிர் செய்து பார்த்தாராம். விதை எவ்வளவு, கூலி எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, விலை என்ன என்று கணக்கு வைத்து, அதன் சராசரியில் வரி வைத்தார். அதற்குச் 'சிஸ்து' என்று பெயர். ஒழுங்கு என்று அர்த்தம். அப்பா அந்த மேடையில் நின்று, வகுப்பெடுக்கிற குரலில், "பன்னெண்டு வருஷம்மா! நாலு மழை வருஷம், நாலு பஞ்ச வருஷம் எல்லாம் அதுல வந்துருக்கும். விவசாயிகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி தானே உழுது பாத்த ராஜா" என்றார். புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சென்னம்மா இந்த ஊரில் இருந்துதான் ஆண்டாள். வணிகர் வீட்டுப் பெண். கணவன் சோமசேகர நாயக்கன் கடைசிக் காலத்தில் சித்தம் கலங்கிக் கொல்லப்பட்ட பிறகு, 1670-களின் தொடக்கத்தில் ஆட்சியைக் கையில் எடுத்து, கால் நூற்றாண்டு நடத்தியவள். ராஜாராம் வந்து நின்றபோது அவளுக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி. உள்ளே விட்டால் அவுரங்கசீப்பின் படை வரும் என்று தெரியும். விட்டாள். சொந்த நாட்டின் காட்டு வழிகளைத் திறந்து அவரைப் பத்திரமாகத் தெற்கே அனுப்பினாள். படையும் வந்தது. மழையும் காடும் ராணியின் பக்கம் நின்று சண்டை போட்டன என்று மலைநாட்டில் சொல்கிறார்கள். முடிவில் சமாதானம் பேசிப் படை திரும்பியது.

ஆனால் அந்தக் காட்டு வழிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1763-இல் ஹைதர் அலி பிதனூர்மேல் வந்தார். நேர் வழியெல்லாம் அடைப்பு, காவல். ராணி வீரம்மாஜியின் மேல் மனக்கசப்போடு இருந்த பழைய மந்திரி ஒருவர் ஹைதரின் கையில் கிடைத்தார். ஊருக்குள் போக ஒரு ரகசிய வழி இருப்பதைக் காட்டிக்கொடுத்தார். ராணி அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினாள். பிற்பாடு பிடிபட்டு மதுகிரியில் சிறை வைக்கப்பட்டாள். பிதனூரின் செல்வம் ஹைதருக்குப் போனது, ஊருக்கு ஹைதர் நகர் என்று பெயரும் வந்தது. 'நகரா' அதன் மிச்சம்.

எழுபத்து நாலு வருஷ இடைவெளி. ஒரு வழியை ஒருத்தி மறைத்து வைத்தாள், ஒருவன் பிழைத்தான். ஒரு வழியை ஒருவன் சொல்லிவிட்டான், ஒரு அரசே போனது. ஏரிக் கரையில் உட்கார்ந்து அப்பாவும் நானும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மதிலை எவ்வளவு கனமாகக் கட்டினாலும், வழி தெரிந்தவர்களின் மனசு என்னவாக இருக்கிறது என்பதில்தான் ஒரு ஊரின் பாதுகாப்பு இருந்திருக்கிறது.

போகும் வழியில் தேவகங்கைக் குளங்கள். வரிசையாகச் சின்னச் சின்னக் குளம், ஒன்று தாமரை வடிவத்தில். ஊற்றுத் தண்ணீர் அதுவாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடுகிறது. அரண்மனை எரிந்து போயும் இந்தத் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை.

சாகராவுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அக்கி ரொட்டியும் அப்பெமிடி ஊறுகாயும் சாப்பிட்டோம். அப்பெமிடி என்றால் நம் மாவடுதான், ஆனால் இந்தக் காட்டு மரத்துக் காய்க்கு ஒரு தனி வாசனை. கிள்ளினால் கற்பூரம்போல மூக்கில் ஏறுகிறது. அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள்: இக்கேரி, கேளடி

காலையில் வெயில். ஐந்து நாளில் முதல் முறை.

இக்கேரியில் அகோரேஸ்வரர் கோயில் ஒன்றுதான் மிச்சம். தலைநகரம் இருந்த இடம் முழுக்கப் பாக்குத் தோப்பு. நடுவே சாம்பல் கல்லில் இவ்வளவு பெரிய கோயிலா என்று நிற்க வைக்கிறது. ஹொய்சளர் பாணிச் சுவர், விஜயநகரத்துத் தூண், நந்தி மண்டபத்தில் மட்டும் பள்ளிவாசலில் பார்ப்பது போன்ற வளைவுகள். எல்லாம் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் இருக்கிறது. நந்தி நம் கங்கைகொண்ட சோழபுரத்து நந்தியைப்போலத் தனியாக நின்று சிவனைப் பார்க்கிறது. கருவறைப் பீடத்தைச் சுற்றி 32 பெண் உருவங்கள்.

என்னை நிறுத்தியது தரைதான். நாயக்கர்கள் மூன்று பேர் குப்புற விழுந்து கும்பிடுவதுபோலத் தரைக் கல்லில் செதுக்கி, மேலே பெயர் பொறித்திருக்கிறது. அதில் ஒருவர் 'ஹுச்ச' சோமசேகரர். ஹுச்ச என்றால் கன்னடத்தில் பித்துப் பிடித்த. அவர் கைகாலில் விலங்கோடு இருக்கிறார். சித்தம் கலங்கிய ஒரு ராஜாவை விலங்கோடேயே கடவுளின் காலடியில் கிடத்தி வைத்திருக்கிறார்கள். மறைக்கவில்லை. அந்தக் கல்லை மிதிக்காமல் சுற்றிப் போனோம்.

இன்னொரு விஷயம், அப்பா ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தது. இந்தக் கோயிலின் நடுத் தூண்களுக்கு இடையில் உள்ள தூரத்தைத்தான் தோட்ட நிலத்துக்கு அளவுகோலாக வைத்தார்கள். 18 அடி 6 அங்குலம். பாக்குத் தோப்புக்குச் சிஸ்து போட்டபோது இந்தக் கோல்தான் கணக்கு. அளவில் யாருக்கும் சந்தேகம் வந்தால் கோயிலுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். எந்த அதிகாரியும் அங்குலத்தைக் குறைத்தோ கூட்டியோ ஏமாற்ற முடியாது. நானும் தம்பியும் ஆளுக்கொரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றோம். அப்பா நடுவில் அடிமேல் அடி வைத்து அளந்தார். எங்கள் அளவு சரியாக வந்ததா என்றால், அப்பாவின் பாதம் எத்தனை அங்குலம் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

மத்தியானம் கேளடி. இவ்வளவு நாள் காதில் கேட்ட ஊர், ஒரு சின்னக் கிராமம். ஓட்டு வீடுகள், வாசலில் உலர்த்திய பாக்கு, ஒரு நாய். புற்றின் மேல் பசு பால் சொரிந்ததைப் பார்த்து லிங்கத்தைக் கண்டெடுத்தார்கள், அந்தக் குடும்பம் பிறகு அரச குடும்பமானது என்பது இந்த ஊரின் கதை. நம் ஊர்க் கோயில்கள் பலவற்றிலும் இதே பசு, இதே புற்று. ராமேஸ்வரர் சந்நிதியும் வீரபத்ரர் சந்நிதியும் பக்கத்தில் பக்கத்தில். வீரபத்ரர் கோயில் விதானத்தில் கண்டபேருண்டம். இரண்டு தலை, நகத்திலும் அலகிலும் சிங்கமும் யானையும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

கோயிலுக்கு முன்னால் உயரமான கல் கொடிமரம். அதன் அடியில் சின்னச் சின்ன உருவங்கள். அதில் ஒன்றைச் சென்னம்மா என்றும், அவள் ராஜாராமுக்கு அடைக்கலம் கொடுத்த காட்சி என்றும் ஊரில் காட்டுகிறார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. மழையில் முகம் தேய்ந்துவிட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு மெல்லக் குனிந்து, அந்தக் கல்லுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போகவில்லை. தம்பியும் தள்ளியே நின்றார். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். எழுந்திருக்கும்போது கை நீட்டினார், பிடித்துத் தூக்கிவிட்டேன். கை சில்லென்று இருந்தது.

கிராமத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓலைச் சுவடிகள், வாள், நாயக்கர் காலக் காகிதங்கள். இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு அக்கறையாக எடுத்து வைத்திருப்பது பெரிய விஷயம். சுவடிகளை அப்பா படிக்க முடியாது, ஆனாலும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். கிளம்பும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அப்பா பெயரை எழுதி, ஊர் என்ற இடத்தில் தமிழில் 'செஞ்சி' என்று எழுதினார்.

அங்கிருந்தவர் எட்டிப் பார்த்து, எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார். தம்பி பதில் சொல்வதற்குள் அப்பாவே முந்திக்கொண்டார்.

"உங்க ராணி அனுப்பி வெச்சாங்களே, ராஜாராம். அவரு பத்திரமா வந்து சேந்த ஊரு."

தம்பி அதைக் கன்னடத்தில் சொன்னார். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.